ஒன்பது குழியும் ஒரு சம்பந்தியும்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த சகலை அவர்களுக்கு, மூத்த சகலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும், என் மைத்துனியும், பிள்ளைகளும், உங்களிடம் உடற்பயிற்சி என்ற பெயரில் வெயிலில் ஓடுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாவிட்டாலும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தயவுசெய்து நலமாகிவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் இங்கே வந்து கோல்ஃப் ஆட வேண்டியிருக்கிறது.

நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். இந்தக் கடிதம் ஏன் வீட்டுக்கு வராமல் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறது என்று யோசிப்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் வீட்டில் போனை எடுப்பது என் மைத்துனி. அவள் காதில் விழுந்தது அவள் அக்கா காதில் விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் அக்கா காதில் விழுந்தால் என் பெண் காதில் விழும். என் பெண் காதில் விழுந்தால் நான் இந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குடியேற வேண்டியதுதான். அதனால் படித்ததும் கிழித்துவிடுங்கள், இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும் வரை வைத்திருந்துவிட்டுக் கிழியுங்கள், குழி குழியாக எல்லாம் இதில்தான் எழுதியிருக்கிறேன்.

என் பெண் தன் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னது உங்களுக்குத் தெரியும். பையனைப் பார்த்தோம், தங்கமான பையன், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம், வந்தால் பேச்சை நிறுத்த மாட்டான். பையனின் அப்பாவை நாங்கள் பார்த்ததில்லை. ஊரின் மறுகோடியில் வீடு, போனில்தான் பேச்சு. முதல் தடவை அவர் என்னிடம் பேசப்போகிறார் என்றதும் என் பெண் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "அப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை. வம்சாவளியெல்லாம் எடுத்து விடாதீங்க." நானும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

தொண்டை கட்டின மாதிரி கரகரப்பான குரல். நலம் விசாரித்தார், மழை பற்றிச் சொன்னார், பிறகு, "அப்புறம் சம்பந்தி, உங்களுக்கு ஹேண்டிகேப் எவ்வளவு?" என்றார். சகலை, என் கடைக்கு வருகிறவர்கள் அந்தச் சொல்லை ஒரே அர்த்தத்தில்தான் சொல்வார்கள். பார்வைக்குறைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்கிற சொல் அது. பெண்ணைக் கேட்கும் இடம், குடும்பத்தில் யாருக்காவது உடம்பில் குறை உண்டா என்று நாசூக்காக விசாரிக்கிறார் போலிருக்கிறது, இதை நேராகவே கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு, "எங்களுக்கு அதெல்லாம் சுத்தமா பூஜ்யம் சம்பந்தி" என்றேன். ஒரு வார்த்தையோடு நிறுத்தினேனா? "எங்க அப்பாவுக்கும் பூஜ்யம். தாத்தாவுக்கு எண்பது வயசு வரைக்கும் பூஜ்யம். பொண்ணுக்கும் பொறந்ததுலேர்ந்தே பூஜ்யம்தான், டாக்டரே சொல்லியிருக்காரு" என்றும் சேர்த்தேன்.

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "பெரிய குடும்பம்" என்றார், இன்னும் கரகரப்பாக. "ஞாயித்துக்கிழமை காலையில எங்க கிளப்புக்கு வாங்களேன், ஒரு ஆட்டம் போடலாம். முதல் குழிகிட்ட நிப்பேன், வெள்ளைத் தொப்பி போட்டிருப்பேன்" என்றார்.

என்ன ஆட்டம், என்ன குழி என்று என் பெண்ணிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கோல்ஃப் ஆட்டத்தில் ஆளுக்கு ஓர் எண் உண்டாம், அதுதான் ஹேண்டிகேப்பாம். ஆட்டம் சுமாராக இருந்தால் எண் பெரிதாக இருக்கும், ஆட ஆடக் குறையும், பூஜ்யம் என்றால் அவன் சூரன். "பொறந்ததுலேர்ந்தே பூஜ்யம்னா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவே போன் பண்ணி உண்மையச் சொல்லிடுங்க அப்பா. அவங்க வீட்ல பொய் சொன்னா ஆகவே ஆகாது. ஒரு பொய்க்காக அவர் சொந்தத் தம்பிகிட்டயே பேசறதில்ல." சொல்லிவிடுகிறேன் என்றேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மாடியில் காற்று வாங்கிவிட்டு இறங்கி வந்து, "சொல்லிட்டேன், சிரிச்சாரு" என்றேன். அப்படி என்னைப் பார்க்காதீர்கள் சகலை. உங்களுக்கும் பெண் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். இனிமேல் நான் சொல்வதைக் கவனமாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் நடக்க வேண்டிய பாதை இது. இடம் பார்ப்பதற்கு ஒரு பெரிய பூங்கா மாதிரி இருக்கும். நெடுநெடுவென்று மரங்கள், நடுநடுவே வழித்தெடுத்த மாதிரி புல்வெளி, ஒரு ஓடை, ஒரு குளம். கோல்ஃப் மட்டைகளை வாசல் குடிசையில் இரவலாகத் தருவார்கள், ஒரு பை நிறைய இருக்கும், எது எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் குழிக்குப் போனால் அங்கே வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். "வணக்கம் சம்பந்தி" என்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "சம்பந்தியா? இதுவும் நல்லாத்தான் இருக்கு. வாங்க சம்பந்தி, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். குரலில் கரகரப்பு இல்லை. தொண்டை சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கும் சந்தோஷம்.

முதல் குழி நேரானது, இருபுறமும் மரம், பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்பத்திலேயே அவர், "டீ இந்தாங்க" என்று கையை நீட்டினார். "இல்ல சம்பந்தி, வீட்ல குடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றேன். அது பந்தை நிறுத்திவைக்கிற குச்சியாம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், நான் தமாஷ் பேசுகிற ஆள் என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்து, "இது பார் நாலு" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தேன், மூன்று மரமும் ஒரு குப்பைத் தொட்டியும்தான் இருந்தன. "பாத்துட்டேன் சம்பந்தி" என்றேன். பிற்பாடுதான் புரிந்தது, பார் நாலு என்றால் நாலு அடியில் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும் என்று கணக்கு. நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

மட்டையை ஓங்கி வீசினால் முதல் வீச்சு பந்தில் படாது. இரண்டாவதும் படாது. "கைக்கு ஒத்திகை" என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஒத்திகையைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். எனக்கு நான்காவதில்தான் பட்டது, பட்ட பந்து எனக்குப் பின்னால் இருந்த செடிக்குள் போயிற்று. போச்சுடா, கல்யாணம் இத்தோடு நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ நெற்றியில் கையை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க போச்சு சம்பந்தி?" என்றார்.

அப்போதுதான் அவருடைய கண்ணாடியைக் கவனித்தேன். கனமான பழுப்புச் சட்டம், இடது கண்ணாடியில் கீறல், பவர் ஏறி எத்தனையோ நாளாகியும் மாற்றவே இல்லை. தொழில் பழக்கம் சகலை, நெற்றியைச் சுருக்குகிற தினுசிலேயே தெரிந்துவிட்டது, மனிதருக்கு அந்த முதல் மரத்துக்கு அப்பால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். "நேரா போச்சு சம்பந்தி, நடுவுல கிடக்கு" என்றேன். "அதானே, சத்தத்துலயே தெரிஞ்சுது" என்றார்.

இரண்டாம் குழிக்குக் குறுக்கே குளம் இருக்கிறது. பந்தைக் குளத்துக்கு மேலாகத் தூக்கி அந்தக் கரையில் இறக்க வேண்டும். என் பந்து எழும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை, தொபுக்கென்று விழுந்தது. "விழுந்துச்சா?" என்றார். "நல்லா விழுந்துச்சு" என்றேன், அதில் ஒரு பொய்யும் இல்லை. "என்ன சத்தம் அது?" என்றார். "வாத்து" என்றேன். நீங்களும் வாத்து என்றே சொல்லுங்கள், மாற்றிச் சொல்லிவிடப் போகிறீர்கள். பையில் மாற்றுப் பந்து எப்போதும் இருக்கட்டும்.

மூன்றாவது மடக்கின முழங்கை மாதிரி வலது பக்கம் திரும்பும், மரங்களுக்குப் பின்னால் போனால்தான் குழி தெரியும். நமக்குத் தோதான குழி இதுதான். பந்தை அடிக்கவே வேண்டாம், மட்டையை வீசிவிட்டு நாக்கால் ஒரு சொடுக்குச் சத்தம் போட்டால் போதும். பந்தைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு பேசியபடியே நடந்து, குழிக்குப் பக்கத்தில் போனதும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போல் போட்டுவிடுங்கள். நான் போட்டேன். அவர் கிட்டே வந்து பார்த்து, "ஒரே அடியிலயா இங்க வந்துச்சு?" என்று வாயைப் பிளந்தார். அந்த முகத்தை எனக்கு நேராகப் பார்க்க முடியவில்லை. நான் ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிறவன். ஒரு மனிதர் இப்படித் தட்டுத் தடுமாறி நடக்கும்போது, "ஐயா, ஒரு நடை கடைக்கு வாங்க, சரி பண்ணிக் குடுக்கிறேன்" என்று சொல்லத்தான் வாய் வரும். சொன்னால் அடுத்த வாரம் பளிச்சென்று எல்லாம் தெரிந்துவிடும், என் ஆட்டமும் தெரிந்துவிடும், என் பெண்ணின் வாழ்க்கை போய்விடும். வாய்வரை வந்ததை விழுங்கினேன். இன்னும் அது செரிக்கவில்லை.

நான்காம் குழி சரிவில் இருக்கிறது. கடைக்குப் போடுகிற தோல் செருப்போடு போகாதீர்கள். நான் பெரும்பாலான தூரத்தை உட்கார்ந்தபடியே இறங்கினேன், ஓடைக்கு முன்னால் ஒரு புதர் இருந்து பிடித்துக்கொண்டது.

ஐந்தாவதைப் பற்றித்தான் எனக்கு ராத்தூக்கம் இல்லை. அங்கே ஒரு மணல் பள்ளம் உண்டு, ஆள் மட்டம் ஆழம், பந்து அதைத் தேடிக்கொண்டு போய் விழும். உள்ளே இறங்கினால் வெளியே வருவது குதிரைக்கொம்பு. நான் அடிக்க அடிக்க மணல்தான் வெளியே போயிற்று, பந்து அசையவில்லை. அவர் மேலே கரையில் நின்றுகொண்டு, "அவசரம் இல்ல சம்பந்தி, நிதானமா அடிங்க" என்று சொல்லிவிட்டு, நேரம் போக வேண்டுமே என்று, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே கேட்கிறார், என் வாயைக் கிளறிப் பார்க்கிறார் என்று எனக்கு உதறல் எடுத்துவிட்டது.

உதறல் எடுத்தால் எனக்கு வாய் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். "ஒரே பொண்ணு" என்று ஆரம்பித்தேன். அந்தப் பள்ளத்திலிருந்து வெளியே வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளுக்குக் கோபம் வரும், ஆனால் அரை மணியில் போய்விடும். காலையில் அவளிடம் யாரும் பேசக்கூடாது. சமைக்கத் தெரியும், ஆனால் சமையலறையைப் பார்த்தால் அங்கே சண்டை நடந்த மாதிரி இருக்கும். எனக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தாள், எழுந்து போ என்றால் போக மாட்டாள். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது சகலை, மணலில் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினேன். மேலே பார்த்தால் அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். "இப்படி ஒரு பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா போதும்" என்றார். "எங்க பையன் ரொம்ப அமைதி. ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்றார். எங்கள் வீட்டில் வந்து அத்தனை பேச்சுப் பேசுகிற பையன் சொந்த வீட்டில் ஊமையாக இருக்கிறானே, அப்பாவிடம் அவ்வளவு பயமா என்று எனக்கு அந்தக் கவலை வேறு புதிதாகப் பிடித்துக்கொண்டது.

ஆறாம் குழி என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் ஏழுக்குப் போனோம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சமையலறையைப் பற்றி ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். நீங்கள் அதைக் கடக்கும்போது பார்த்து ஆடிக்கொள்ளுங்கள்.

ஏழாவது மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிற குழி. மேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது, அதனால் இறக்கத்தில் ஒரு கம்பத்தில் மணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதற்கு மணி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கயிறு கைக்கு எட்டியது, படபடப்பில் இரண்டு இழு இழுத்துவிட்டேன். நாங்கள் ஆடி முடித்துவிட்டோம், இனிமேல் நீங்கள் அடிக்கலாம் என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்கிற மணியாம் அது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "ஃபோர்" என்று கத்தினார்கள். கிரிக்கெட்டில் மாதிரி எவனோ எல்லைக்கோட்டுக்கு அடித்துவிட்டான் போலிருக்கிறது என்று நான் மரியாதைக்குக் கைதட்டினேன். ஒரு பந்து என் காதோரமாக விர்ரென்று போயிற்று, இன்னொன்று பையில் பட்டது. அந்தச் சத்தம் வந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு குனிய வேண்டும் சகலை, கைதட்டக் கூடாது. அவர் மண்ணில் குப்புறப் படுத்திருந்தார், எழுந்ததும், "நீங்க நின்ன இடத்துல நின்னு கைதட்டுனீங்க பாருங்க, அந்தத் தைரியம் வேற யாருக்கு வரும்" என்றார்.

எட்டாவதில் நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு ஒத்திகையும் இல்லாமல் முதல் வீச்சிலேயே பந்தில் பட்டது. பந்து போய் ஒரு மரத்தில் மோதி, திரும்பி, புல்லில் உருண்டு உருண்டு நேராகக் குழிக்குள் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. ஒரே அடி. "விழுந்துடுச்சு சம்பந்தி, குழிக்குள்ளயே விழுந்துடுச்சு" என்று கத்தினேன். அவர், "அப்படியா, நல்லது" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏழு குழியாக நான் அதையேதானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையாக ஒன்று செய்தேன், அதற்குச் சாட்சி இல்லை. இந்தக் குழியில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்றே தெரியாது.

ஒன்பதாவதுதான் கண்டம். குழி கிளப் கட்டிடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது, முகப்பில் வரிசையாக நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டு எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது. பையில் பந்தை வைத்துக்கொண்டு போகவும் முடியாது, ஒத்திகை என்றும் சொல்ல முடியாது. குழிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு குழந்தை தவழ்கிற தூரம்தான், சும்மா தட்டினால் விழும். எனக்குத் தட்டக் கை வரவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ கை சுளுக்கிடுச்சு" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலது கையைப் பிடித்துக்கொண்டு இடது கை சுளுக்கு என்று சொன்னேனோ என்னவோ, அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

அவர் ஓடி வந்து என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "நீங்க முதல்ல சம்பந்தின்னு கூப்பிட்டப்ப சும்மா விளையாட்டுக்குன்னு நினைச்சேன். இப்ப மனசாரச் சொல்றேன் சம்பந்தி, எனக்குப் பூரண சம்மதம்" என்றார். இதைவிட வேறென்ன வேண்டும்? கண் கலங்கி, "வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் குடும்பத்தோட வந்துடுங்க" என்று அழைத்து விலாசமும் சொல்லிவிட்டேன். இதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஜோடிப் போட்டி இருக்கு, நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் குடுத்துடறேன்" என்றார். "கை சுளுக்கா இருக்கே" என்றேன். முகம் வாடிவிட்டது. அந்த வாடின முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "என் சகலை வருவாரு. என்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்" என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நீங்கள் ஹாக்கி ஆடினவர், மட்டையும் பந்தும் உங்களுக்குப் புதிதில்லை. நான் சொன்னபடி செய்தால் ஒரு குறையும் வராது. என் மைத்துனியிடம் பள்ளிக்கூட விஷயமாகப் போவதாகச் சொல்லுங்கள். இது ஆட்டம் இல்லை சகலை, என் பெண்ணின் சிரிப்பு. அந்தப் பையன் பேச்சை எடுத்தால் அவள் முகத்தில் வருகிறதே, அதைக் கெடுத்தவன் அவள் அப்பன்தான் என்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு அவளுக்குக் காலையில் காப்பி கொண்டுபோய் வைப்பேன்?

வேறு விசேஷம் இல்லை. என் மைத்துனிக்கு என் விசாரிப்பைச் சொல்ல வேண்டாம், நான் எழுதினது தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் வலிக்கு இதமாக ஏதாவது தடவிக்கொண்டு கிளம்புங்கள். எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டிக்கொண்டு, இதை முடிக்கும்,

உங்கள் மூத்த சகலை.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை, அல்லது எல்லாமே வேறு யாருக்கோ நடந்துவிட்டது. கவரை ஒட்டப் போகும்போது கடை போன் அடித்தது. எடுத்தால் அதே பழைய கரகரப்புக் குரல். "சம்பந்தி, என்னை மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை நான் வரல" என்றது.

"வரலையா?" என்றேன்.

"கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வரத் தைரியம் இல்லாம வண்டியத் திருப்பிட்டேன். நீங்க பாவம், தனியா வந்தவங்களச் சேத்து விடுவாங்களே, அப்படி யாரோடயாவது ஆடிட்டுப் போயிருப்பீங்க." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார்: "நான் போன வருஷம்தான் மட்டையவே தொட்டேன். நீங்களும் என்னை மாதிரி தடவுற ஆளா இருந்தா சேந்து நடக்கலாமேன்னு ஆசையிலதான் ஹேண்டிகேப் கேட்டேன். நீங்க பூஜ்யம்னீங்க. அப்பா, தாத்தா, பொண்ணு எல்லாருக்கும் பூஜ்யம்னீங்க. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அவ்வளவு பெரிய இடத்துக்கு நாங்க ஈடு இல்ல சம்பந்தி. பிள்ளைங்க மனசு ரொம்ப ஒட்டிப்போறதுக்கு முன்னாடி, வேண்டாம்னு சொல்லிடலாமான்னு..."

சகலை, நான் ஒன்பது குழியும் விழுந்து புரண்டு காப்பாற்றின கல்யாணம், நான் சொன்ன அந்த ஒரு பூஜ்யத்தால் முறிய இருந்தது. போன் நழுவப் பார்த்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் பெண் முதல் நாளே சொல்லச் சொன்னதை இப்போது சொன்னேன். "சம்பந்தி, எனக்கு மட்டைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. வீட்ல யாருக்காவது உடம்புல குறை இருக்கான்னு கேக்கறீங்கன்னு நினைச்சுட்டேன். தெரிஞ்சப்புறமும் பயந்துகிட்டு மறைச்சேன். பொய் சொன்னவன் நான். என் பொண்ணு அன்னைக்கே உண்மையச் சொல்லச் சொன்னா. அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

நான் கடைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "நானும் அன்னைக்கு உங்ககூட ஆடி ஜெயிச்சுட்டேன்னு என் பையன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன் சம்பந்தி" என்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தது கடைக்கு வெளியே கேட்டிருக்கும். கல்யாணம் நிச்சயம். என் பெண்ணிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரை மணி கோபித்துக்கொண்டாள்.

கோபம் தீர்ந்ததும், "அப்ப வெள்ளிக்கிழமை வரப்போறது யாருப்பா? எனக்கு ரெண்டு மாமனாரா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளைத் தொப்பி மனிதர் மனைவியோடும் பையனோடும் வருகிறார் சகலை, பூரண சம்மதத்தோடு. பெயர் தெரியாது, போன் நம்பர் தெரியாது, வராதீர்கள் என்று சொல்ல வழியில்லை. ஒன்று மட்டும் தெரியும், இவ்வளவு நல்ல மனசை நான் பார்த்ததில்லை. மணல் பள்ளத்தில் நின்று அழுதவனைப் பார்த்துச் சிரிக்காமல் கூட அழுதவர்.

அதனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வெள்ளிக்கிழமை வாருங்கள். உங்கள் மூத்தவளுக்கு நல்ல இடம் தேடிக்கொண்டிருப்பதாக என் மைத்துனி சொன்னாள். அவளையும் அழைத்து வாருங்கள். அவளிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், பெரியப்பா கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.